மேலத்தெருவின் புதிய சாலையும் அடைபட்ட வரத்துக்காலும்: பகுதி சபைக் கூட்டத்தில் பேசியதும் குறிப்பில் ஏறாததும்

படித்துறை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வார்டின் பகுதி சபைக் கூட்டம் (கிராம சபை போல நகர மக்கள் கூடிப் பேசும் கூட்டம்) இரண்டு வாரங்களுக்கு முன் ஞாயிற்றுக்கிழமை காலை சமுதாயக் கூடத்தில் நடைபெற்றது. அறுபது பேருக்குக் குறையாமல் வந்திருந்தார்கள். அவர்களில் பெண்கள்தாம் அதிகம். தெருவிளக்கு, தெருநாய், குப்பை வண்டி இரண்டாம் தெருவுக்குள் வராமல் திரும்பிவிடுவது, பழைய வீடுகளைப் பார்க்க வரும் சுற்றுலா வேன்கள் பள்ளி விடும் நேரத்தில் தெருவை அடைத்து நிற்பது என்று பலவும் பேசப்பட்டன. விளக்குக்கும் நாய்க்கும் அங்கேயே பதில் கிடைத்துவிட்டதால் அவற்றைப் பற்றி நான் எழுதவில்லை. மேலத்தெருவில் போடவிருக்கும் கான்கிரீட் சாலையையும், அதனால் ஊரின் பொதுக் குளமான ஊருணிக்கு நேரப்போவதையும் பற்றியே எழுத வந்தேன்.

செட்டிநாட்டு ஊர்களின் அமைப்பு எல்லோருக்கும் தெரிந்திருக்கும் என்று சொல்ல முடியாது என்பதால் கொஞ்சம் விளக்குகிறேன். எங்கள் தெருக்கள் கிழக்கு மேற்காக ஓடுகின்றன. வீட்டின் முகப்பு ஒரு தெருவில் இருந்தால் பின்கட்டு அடுத்த தெருவில் முடியும். கூரையில் விழும் மழை வளவு என்னும் நடு முற்றத்துக்குள் இறங்கி, அண்டாக்களிலும் கிணற்றிலும் சேர்ந்தது போக, மிச்சம் கல்பாவிய வடிகால் வழியே தெருவுக்கு வரும். தெரு அதை வாங்கி, மழைநீர்க் கால்வாயான வரத்துக்காலில் சேர்க்கும். வரத்துக்கால் ஊருணிக்குள் விடும். ஊருணி நிரம்பினால் மறுகால் வழியே கண்மாய்க்குப் போகும். வற்றாத ஆறு எதுவும் பாயாத இந்த வறண்ட பூமியில் இத்தனை பெரிய வீடுகளைக் கட்டியவர்கள், தண்ணீருக்கு வழி செய்துவிட்டுத்தான் கட்டினார்கள். தெருவும் அந்த வழியில் ஒரு பகுதி. சாலை போடுகிறவர்களுக்கு இதுதான் தெரியவில்லை.

எங்கள் வீட்டு முகப்புக்கு ஏறத் தெருவிலிருந்து ஐந்து படிகள் இருந்தன. பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது கீழ்ப்படியில் உட்கார்ந்துதான் நான் செருப்பு மாட்டுவேன். இன்று மூன்று படிகள்தாம் வெளியே தெரிகின்றன. மற்ற இரண்டும், மூன்று முறை போட்ட தார்ச்சாலைக்கும் ஒரு முறை பதித்த பேவர் பிளாக்குக்கும் அடியில் கிடக்கின்றன. ஊருணிக்குத் தண்ணீர் போகும் வாயில் செம்புறாங்கல்லால் வளைவு கட்டியிருக்கும். அதன் உச்சிக்கல் மட்டும் இப்போது ஒரு சாண் அளவுக்குத் தெரிகிறது. போன ஐப்பசி, கார்த்திகையில் நல்ல மழை பெய்தும் ஊருணியில் முழங்கால் அளவுக்கு மேல் தண்ணீர் ஏறவில்லை. இப்போது இருக்கிற சாலையின்மேலேயே இன்னும் ஆறு அங்குலம் கான்கிரீட் போடப்போகிறார்கள்.

இதைக் கூட்டத்தில் எழுந்து சொன்னேன். கேட்டுக்கொண்டார்கள். ஆனால் சென்ற வாரம் கூட்ட நடவடிக்கைக் குறிப்பைப் பார்த்தபோது அதில் இருந்தது ஒரே ஒரு வரி: ‘பொதுமக்கள் பல்வேறு கோரிக்கைகளை முன்வைத்தனர், பரிசீலிக்கப்படும் எனத் தெரிவிக்கப்பட்டது.’ ஊருணி என்ற சொல்லே அதில் இல்லை. மழைக்கு இன்னும் இரண்டு மாதங்கள்கூட இல்லாத நிலையில் என்ன செய்யலாம் என்று அன்பர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பட்டாலை எழுதியது:

ஐயா எழுதியதை வாசித்ததும் எங்கள் ஊர் ஊருணி கண்முன் வந்து நின்றது. குடிநீர் ஊருணியில் யாரும் கால் நனைக்கக் கூடாது, துணி துவைக்கக் கூடாது என்று காவலுக்கு ஓர் ஆளே இருந்த காலம் உண்டு. குளிப்பதற்கு வேறு ஊருணி, மாடு குளிப்பாட்டுவதற்கு வேறு குளம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகள் 2014-ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றன. வீடுகளின் பர்மாத் தேக்குத் தூண்களையும் ஆத்தங்குடித் தரைக் கற்களையும் மட்டும் பார்த்து இந்த ஊர்களைப் புரிந்துகொள்ள முடியாது. தெருக்களின் ஒழுங்கும் மழைநீரைச் சேர்க்கும் ஏற்பாடும் சேர்ந்ததுதான் இவற்றின் சிறப்பு. தூண்களைப் படம் பிடிக்க வருகிறவர்கள் வரத்துக்கால் இருந்த இடத்தின்மேல்தான் வண்டியை நிறுத்துகிறார்கள். அதற்கு அவர்களைக் குறை சொல்ல முடியாது. அது வரத்துக்கால் என்று சொல்ல அங்கே ஒரு பலகைகூட இல்லை.

கீழத்தெரு மகள் எழுதியது:

படித்துறை ஐயாவுக்கு வணக்கம். அன்று கூட்டத்தில் தங்களுக்கு அடுத்தபடியாகப் பேசுவதற்குக் கை தூக்கியவள் நான்தான். நேரம் முடிந்துவிட்டது என்று சொல்லிவிட்டார்கள். அங்கே சொல்ல நினைத்ததை இங்கே எழுதுகிறேன்.

ஊருணிக்குத் தண்ணீர் வரவில்லை என்று தாங்கள் எழுதியிருக்கிறீர்கள். அந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்பதைத் தாங்கள் எழுதவில்லை. அது எங்கள் வீடுகளுக்குள் வருகிறது. மேலத்தெரு முச்சந்தியில் சாலை உயர்ந்ததிலிருந்து, கிழக்கே போக வேண்டிய வெள்ளம் சந்துக்குள் திரும்பி நேராகக் கீழத்தெருவுக்கு இறங்குகிறது. எங்களிடம் ஏறிப்போக ஐந்து படிகள் கிடையாது. வாசலில் இருப்பது ஒரே ஒரு கல். போன கார்த்திகையில் இரவு இரண்டு மணிக்கு என் மகன் பாயோடு எழுந்து உட்கார்ந்து, ‘அம்மா, பாய் மிதக்குது’ என்றான். ரேஷன் அரிசி மூட்டையைக் கட்டில்மேல் தூக்கி வைப்பதற்குள் அடிப்பக்கம் நனைந்துவிட்டது. மறுநாள் அவனுடைய பாடப் புத்தகங்களை ஒவ்வொரு தாளாகப் பிரித்துக் கொடியில் காய வைத்தேன். கீழத்தெருவின் பதினெட்டு வீடுகளிலும் இதுதான் கதை. தண்ணீரோடு சாக்கடையும் சேர்ந்து வருவதால், வடிந்த பிறகும் ஒரு வாரம் நாற்றம் போவதில்லை.

மற்றொன்றும் சொல்ல வேண்டும். பழைய ஏற்பாடு எவ்வளவு நன்றாக இருந்தது என்று எல்லோரும் எழுதுகிறீர்கள். அந்த ஊருணிப் படித்துறையில் என் அப்பத்தா ஒரு நாளும் இறங்கியதில்லை. கரைக்கு வெளியே குடத்தை வைத்துவிட்டு, யாராவது மனமிரங்கி மொண்டு ஊற்றும்வரை வெயிலில் நிற்க வேண்டியிருந்தது என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். இதை யாரையும் புண்படுத்துவதற்காக எழுதவில்லை. வரத்துக்காலைத் திறக்க வேண்டும் என்பதில் உங்களைவிட எனக்குத்தான் அவசரம் அதிகம். ஆனால் கோரிக்கை எழுதும்போது ஊருணி நிரம்ப வேண்டும் என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். கீழத்தெரு நனையக் கூடாது என்பதும் அதில் இருக்க வேண்டும்.

படித்துறை எழுதியது:

அம்மா, தாங்கள் எழுதியதை இரண்டு முறை வாசித்தேன். அந்தச் சந்தின் வழியே தண்ணீர் திரும்புவதை மாடியிலிருந்து நானே பார்த்திருக்கிறேன். அது எங்கே போய் நிற்கும் என்று ஒருநாளும் இறங்கிப் போய்ப் பார்க்கவில்லை. அது என் தவறு. தங்கள் அப்பத்தாவைப் பற்றி எழுதியதற்குப் பதில் சொல்லும் தகுதி எனக்கு இல்லை. கோரிக்கையைத் தாங்களும் சேர்ந்து எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மட்டப்பலகை எழுதியது:

நான் முப்பது ஆண்டுகள் சாலைப் பணிகளில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவன். இருவரும் சொல்வது ஒரே நோயின் இரண்டு அறிகுறிகள்.

முதலில் தண்ணீரின் அளவைப் பார்ப்போம். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். அறுபது அடி அகலமும் நூற்று அறுபது அடி நீளமும் உள்ள ஒரு மனை ஏறத்தாழ 890 சதுர மீட்டர். மேலத்தெருவில் அப்படி நாற்பது மனைகள் என்று வைத்துக்கொண்டால், ஒரே இரவில் 50 மில்லிமீட்டர் மழை பெய்யும்போது கிட்டத்தட்ட 18 லட்சம் லிட்டர் விழுகிறது. மண்ணில் இறங்குவதையும் வளவில் பிடிப்பதையும் கழித்து 14 லட்சம் லிட்டர் தெருவுக்கு வந்தாலும், அது பத்தாயிரம் லிட்டர் தண்ணீர் லாரி 140 நடை அடிப்பதற்குச் சமம். ஊருணிக்குப் போனால் அது கோடைக்கு உதவும் நிலத்தடி நீர். பதினெட்டு வீடுகள் இருக்கும் ஒரு பள்ளமான தெருவுக்குள் போனால் என்ன ஆகும் என்பதைக் கீழத்தெரு மகள் எழுதிவிட்டார்.

இரண்டாவது, சாலையை உயர்த்துவது. பழைய சாலையைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிய சாலை போட வேண்டும், வீடுகளைவிடச் சாலை உயரக் கூடாது என்று 2021-ஆம் ஆண்டு மே மாதம் அப்போதைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு எல்லாத் துறைகளுக்கும் அறிவுறுத்தினார். ‘மில்லிங்’ என்று நாங்கள் சொல்வது இந்தச் சுரண்டலைத்தான். அதைச் செய்யாமல் போட்டால் ஒப்பந்ததாரருக்கு வேலை சுலபம். தெருவுக்கு ஆயுள் முழுதும் தொல்லை. எனவே உங்கள் மேலத்தெருப் பணியின் செலவு மதிப்பீட்டில் சுரண்டும் வேலையும் ஓர் இனமாகச் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். மதிப்பீட்டில் இல்லாததைக் களத்தில் யாரும் செய்ய மாட்டார்கள்.

மூன்றாவதாக ஓர் எச்சரிக்கை. ஆர்வத்தில் வரத்துக்காலை அப்படியே திறந்துவிடாதீர்கள். பழைய நாளில் அந்தக் காலில் மழைநீர் மட்டும் வந்தது. இப்போது வீடுகளின் குளியலறைத் தண்ணீரும், சில இடங்களில் செப்டிக் டேங்க் வழிவும் அதே வடிகாலில் விடப்படுகின்றன. அதைப் பிரிக்காமல் திறந்தால் ஊருணி சாக்கடைக் குட்டையாகிவிடும். சுற்று ஊர்களில் அப்படிக் கெட்டுப்போன ஊருணிகளை நான் பார்த்திருக்கிறேன். வீட்டுக் கழிவுநீரை உறிஞ்சுகுழிக்குத் திருப்ப வேண்டும். வரத்துக்கால் வாயில் ஒரு வண்டல் தொட்டியும், ஏற்றி இறக்கும் மடைப்பலகையும் வேண்டும். முதல் மழையின் அழுக்கு நீர் வெளியேறும்வரை பலகை இறங்கியிருக்க வேண்டும். அந்த நீரும் கீழத்தெருவுக்குப் போகாமல் மறுகாலுக்குப் போகும்படி வழி வைக்க வேண்டும்.

ஒரு வேண்டுகோள். வாய்ச்சொல்லாக வாதாடாமல் மட்டம் எடுங்கள். உள்ளே தெரியும் நீளமான பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்பிக் கொத்தனார் பிடிக்கும் டியூப் மட்டமே போதும். முச்சந்தி, அதற்கு மேற்கே முப்பது மீட்டர், வரத்துக்கால் வாயின் அடிக்கல், கீழத்தெரு வாசல் ஆகிய நான்கு இடங்கள்.

கடல்கடந்தவன் எழுதியது:

நான் கோலாலம்பூரில் இருக்கிறேன். எங்கள் வீடும் அதே மேலத்தெருவில்தான் பூட்டிக் கிடக்கிறது. முப்பதுக்கு மேற்பட்ட பங்காளிகள் கையெழுத்திட்டால்தான் ஓர் ஓடு மாற்ற முடியும் என்ற நிலை. எங்கள் வீட்டு வடிகாலும் அடைபட்டிருக்கும் என்று இதை வாசித்த பிறகுதான் உறைத்தது.

படித்துறை அண்ணன் அவர்களுக்கு ஒரு யோசனை. அலுவலகத்தை எதிர்பார்த்துக் காத்திருப்பதைவிட, அந்தக் காலத்தில் புள்ளி வரி (குடும்பக் கணக்கில் வசூலிக்கும் வரி) போட்டுக் கோயிலையும் ஊருணியையும் பராமரித்ததைப் போல நாமே பணம் திரட்டிச் செய்துவிடலாமே. வெளிநாட்டில் இருப்பவர்கள் தாராளமாகக் கொடுப்பார்கள். ஒரு வாரத்தில் ஜேசிபி வைத்து வேலையை முடித்துவிடலாம்.

கீழத்தெரு மகள் எழுதியது:

அண்ணன் நல்ல மனத்தோடு எழுதியிருக்கிறார், அதற்கு நன்றி. ஆனால் எனக்கு இதில் உடன்பாடு இல்லை. சாலை பொதுச் சாலை, ஊருணியும் பொது ஊருணி. சில குடும்பங்கள் பணம் போட்டுத் திருத்தினால், நாளைக்கு அது அவர்கள் திருத்திய ஊருணியாகிவிடும். அப்போது கீழத்தெருக்காரர்கள் மறுபடியும் நன்றி சொல்லிக்கொண்டு கரையில் நிற்க வேண்டிவரும். நாங்கள் வரி கட்டுகிறோம், வாக்களிக்கிறோம். இது நிர்வாகம் செய்ய வேண்டிய வேலை. செய்ய வைப்பதுதான் நம் வேலை. பூட்டிக் கிடக்கும் தங்கள் வீட்டு வடிகாலைத் திறந்துவிட்டால் அதுவே பெரிய உதவி.

மட்டப்பலகை எழுதியது:

மகள் சொல்வது சட்டப்படியும் சரி. உள்ளாட்சியின் அனுமதி இல்லாமல் பொதுச் சாலையில் ஜேசிபி இறக்கினால் வழக்கு வரும். குடிநீர்க் குழாயும் அதற்கு அடியில்தான் போகிறது.

விடுதிக்காரி எழுதியது:

நான் இதே தெருவில் பழைய வீடு ஒன்றைத் தங்கும் விடுதியாக நடத்துகிறேன். டிசம்பர் முதல் பிப்ரவரி வரைதான் எங்களுக்கு விருந்தினர் வருகை. அந்த நேரத்தில் தெருவைத் தோண்டிப் போட்டால் பன்னிரண்டு பேருக்குச் சம்பளம் கொடுக்க முடியாமல் போய்விடும் என்ற பயத்தில்தான் கூட்டத்தில் சாலையைச் சீக்கிரம் போடுங்கள் என்று நானும் கை தூக்கினேன். மதிப்பீட்டில் இப்படி ஒரு விஷயம் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது.

மட்டப்பலகை ஐயா எழுதிய குளியலறைத் தண்ணீர் எங்களுடையதும்தான். எட்டு அறைகளின் தண்ணீர் தெரு வடிகாலில் விழுகிறது. பின்கட்டில் இடம் இருக்கிறது. உறிஞ்சுகுழி எவ்வளவு ஆழம் தோண்ட வேண்டும் என்று சொன்னால் இந்த மாதமே ஆள் விட்டுச் செய்கிறேன். இதற்குக் கூட்டமோ தீர்மானமோ தேவையில்லை.

மட்டப்பலகை எழுதியது:

ஆச்சி, எட்டு அறைகளுக்கு ஒரு குழி போதாது; சமையலறைக் கொழுப்பு நீருக்குத் தனித் தொட்டி வேண்டும். கிணற்றிலிருந்து தள்ளித் தோண்ட வேண்டும். வரும் சனிக்கிழமை நேரில் வந்து இடத்தைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

மனு எழுதுபவர் எழுதியது:

நான் பல ஊர்க்காரர்களுக்கு மனு எழுதிக் கொடுப்பவன். 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1993 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்தபோதே நகர மக்களின் குரலுக்கும் சபை வேண்டும் என்ற எண்ணம் எழுந்துவிட்டது. தமிழ்நாட்டில் வார்டு குழு, பகுதி சபை விதிகள் 2022-இல்தான் வந்தன. அந்த ஆண்டு நவம்பர் 1, உள்ளாட்சி நாளன்று மாநிலமெங்கும் பகுதி சபைகள் கூடின. கிராம சபை போலப் பழகிப்போன அமைப்பு அல்ல இது என்பதால், குறிப்பு எழுதுகிறவர்களுக்கும் பேசுகிறவர்களுக்கும் இன்னும் பழக்கம் போதவில்லை. ‘பல்வேறு கோரிக்கைகள்’ என்ற சொல் எல்லாக் குறிப்புகளிலும் வருகிறது. அந்தச் சொல்லுக்கு யாரும் பொறுப்பு ஏற்க வேண்டியதில்லை, அதனால்தான் வருகிறது. பேசுவதை எழுதியே கொண்டு போங்கள். இரண்டு படி எடுத்து, ஒன்றில் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள்.

தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இன் கீழ், பத்து ரூபாய்க் கட்டணத்தில் மதிப்பீடு, வரைபடம், எம்-புக் என்னும் அளவுப் புத்தகம் ஆகியவற்றின் நகல்களைக் கேட்கலாம். முப்பது நாட்களுக்குள் பதில் தர வேண்டும். நடக்கும் பணியை நேரில் ஆய்வு செய்யும் உரிமையும் அதே சட்டத்தில் இருக்கிறது. பலருக்கும் இது தெரியாது. ஊருணியின் புல எண்ணைத் தெரிந்துகொண்டு ‘அ’ பதிவேடு என்னும் நில விவரப் பதிவேட்டையும் அந்த நிலத்தின் புலப்படத்தையும் எடுங்கள். வரத்துக்கால் தனிப் புறம்போக்காக அதில் காட்டப்பட்டிருந்தால் உங்கள் வாதம் பாதி வென்ற மாதிரி.

சட்டத்தை மேற்கோள் காட்டும்போது ஒரு கவனம் தேவை. நீர்நிலை ஆக்கிரமிப்பு என்றாலே பலரும் ஏரிகளைப் பாதுகாத்து ஆக்கிரமிப்பை அகற்றுவதற்கான 2007-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டத்தை எழுதுகிறார்கள். அது பொதுப்பணித் துறையின் பொறுப்பில் இருந்த ஏரி, கண்மாய்களுக்கானது. உள்ளாட்சியின் பொறுப்பில் உள்ள ஊருணிக்கு அதை எழுதினால் ‘பொருந்தாது’ என்று ஒரே வரியில் திருப்பிவிடுவார்கள். குளங்களும் குட்டைகளும் சமூகத்தின் பொது வளம், அவற்றைக் காக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் ஹிஞ்ச் லால் திவாரி வழக்கில் 2001-இல் சொன்னதை எழுதுங்கள்.

படித்துறை எழுதியது:

நேற்றுக் காலை மட்டம் எடுத்தோம். கீழத்தெருவிலிருந்து கொத்தனார் ஒருவர் குழாய் கொண்டுவந்தார். கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று தண்ணீரில் மஞ்சள் கரைத்து ஊற்றினார். குழாயின் ஒரு முனையைக் கீழத்தெரு மகள் என்று இங்கே எழுதும் அம்மாவின் மகன் முச்சந்தி விளக்குக் கம்பத்தோடு சேர்த்துப் பிடித்தான். மறுமுனையை நான் பிடித்தேன். குழாய்க்குள் ஒரு காற்றுக் குமிழ் நின்றுவிட்டதால் முதலில் எடுத்த அளவு தவறாகி, மூன்று முறை எடுக்க வேண்டியதாயிற்று.

முச்சந்தி, அதற்கு மேற்கே முப்பது மீட்டர் தள்ளி இருக்கும் சாலையைவிடத் தாழ்ந்திருக்க வேண்டும். மாறாக ஐந்து அங்குலம் உயர்ந்திருக்கிறது. வரத்துக்கால் வாயின் அடிக்கல் இப்போதைய சாலை மட்டத்துக்கு ஓர் அடி இரண்டு அங்குலம் கீழே இருக்கிறது. கீழத்தெருவின் முதல் வீட்டு வாசல், முச்சந்தியைவிட இரண்டடி ஒன்பது அங்குலம் பள்ளம். இந்த மூன்று எண்களையும் விளக்குக் கம்பத்தில் சுண்ணாம்பால் எழுதிவைத்தோம். போகிறவர்கள் நின்று வாசித்தார்கள். அதுவரை இதைப் பற்றிப் பேசாதவர்களும் கேள்வி கேட்டார்கள்.

பிற்பகலில் அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து பார்த்தார். மதிப்பீட்டில் சுரண்டும் இனம் இல்லை என்பதை அவரே ஒத்துக்கொண்டார். திருத்திய மதிப்பீடு கேட்க வேண்டுமென்றால் மக்களின் எழுத்துமூலக் கோரிக்கை கோப்பில் இருக்க வேண்டும் என்றார். இன்று மாலைக்குள் நாற்பத்து மூன்று கையெழுத்துகள் சேர்ந்துவிட்டன. முதல் பதினெட்டும் கீழத்தெருவினுடையவை. கோலாலம்பூர்த் தம்பி தம் பங்காளிகளில் பதினோரு பேரிடம் பேசி, வடிகாலைத் திறக்கச் சாவியை என்னிடம் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்.

அடுத்த கூட்டத்தில் தீர்மானமாக வைக்க எழுதியிருக்கும் வாசகம் இது: ‘மேலத்தெருவில் புதிய சாலை அமைக்கும் முன் பழைய சாலையை வரத்துக்கால் வாயின் மட்டத்துக்கு ஏற்பச் சுரண்டி எடுக்கவும், முச்சந்தியின் மேட்டை நீக்கவும், வண்டல் தொட்டியும் மடைப்பலகையும் அமைத்து மழைநீரை ஊருணியில் சேர்க்கவும் இச்சபை கோருகிறது.’ திருத்தம் இருந்தால் இன்றிரவுக்குள் சொல்லுங்கள். நாளைக் காலை கொடுக்க வேண்டும்.

கீழத்தெரு மகள் எழுதியது:

ஐயா, ‘மழைநீரை’ என்ற சொல்லுக்குப் பின் ‘கீழத்தெருவின் பதினெட்டு வீடுகளுக்குள் புகாமல்’ என்று சேர்க்க வேண்டும். பதினெட்டு என்ற எண்ணும் இருக்கட்டும். எண் இருந்தால் அதைப் ‘பல்வேறு’ என்று மாற்ற முடியாது.

படித்துறை எழுதியது:

சேர்த்துவிட்டேன், அம்மா. காலை பத்து மணிக்கு அலுவலக வாசலில் இருப்பேன். இரண்டு படிகளும் என்னிடம் இருக்கின்றன.